மஞ்சள் சட்டைக்கு ஜிங்கன் வேண்டாம்

கொச்சியின் கால்பந்து அணியான கேரளா பிளாஸ்டர்ஸ் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் கோல் வாங்கினால் போதும், ஒரு கோரிக்கை கிளம்பிவிடுகிறது: பழைய டிஃபெண்டர் சந்தேஷ் ஜிங்கனைத் திரும்பக் கூட்டி வாருங்கள். கொச்சியோடு இது நிற்பதில்லை. வேலூரில் படிக்கிற, மருத்துவமனைகளில் வேலை பார்க்கிற மலையாளிகளும், அவர்களோடு பழகி மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்ட எங்கள் பள்ளிகொண்டா, குடியாத்தம் பக்கத்துப் பையன்களும் இதையேதான் பேசுகிறார்கள். மறுப்பவர்கள் குறைவு. மறுக்கிற சிலரும் அவருடைய வயதையும் முழங்காலையும் காட்டித்தான் மறுக்கிறார்கள். முழங்கால் சரியாக இருந்தால் அவர்களுக்கும் ஆட்சேபம் இல்லை என்றாகிறது. எனக்கு இருக்கிறது. ஜிங்கன் இருபத்தைந்து வயது இளைஞராக, ஒரு தழும்புகூட இல்லாத காலோடு, சம்பளமே வேண்டாம் என்று வந்து நின்றாலும் இன்றைய நிலையில் பிளாஸ்டர்ஸ் அவரை எடுக்கக் கூடாது.

அவரை அழைக்கச் சொல்பவர்களின் வாதத்தை முதலில் அதன் முழு பலத்தோடு வைக்கிறேன். இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடங்கிய 2014-லேயே, சண்டிகரிலிருந்து வந்த 21 வயதுப் பையனாக ஜிங்கன் பிளாஸ்டர்ஸுக்கு ஆடினார். அந்த ஆண்டின் வளரும் வீரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது. 2014-லும் 2016-லும் அணி இறுதி ஆட்டத்தில் தோற்றபோது களத்தில் இருந்தார். பிறகு அணித் தலைவரானார். பயிற்சியாளர்களும் வெளிநாட்டு வீரர்களும் வருவதும் போவதுமாக இருந்த ஆறு ஆண்டுகளில் மாறாமல் இருந்த முகம் அவருடையது. 2019 அக்டோபரில் இந்திய அணியின் பயிற்சி ஆட்டம் ஒன்றில் முழங்கால் ஜவ்வு கிழிந்து அந்தப் பருவம் முழுவதும் வெளியே உட்கார்ந்தார். 2020 மே மாதம் அவர் விடைபெற்றபோது, அவருடைய 21-ம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று கிளப் அறிவித்தது. அதே ஆண்டு அர்ஜுனா விருது வந்தது. ஏடிகே மோகன் பகானுக்குப் போய் 2020–21-ன் சிறந்த இந்திய வீரர் விருதையும் வாங்கினார்.

பிறகு 2022 பிப்ரவரி 19. கோவாவின் வாஸ்கோ நகரில் மோகன் பகானும் பிளாஸ்டர்ஸும் 2–2 என்று சமனில் முடித்தன. அட்ரியன் லூனா அடித்த இரண்டு கோல்களால் வெற்றியை நெருங்கியிருந்த பிளாஸ்டர்ஸிடமிருந்து, கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் மோகன் பகானின் ஜோனி கௌகோ அதைப் பறித்தார். களத்தைவிட்டுத் திரும்பும் வழியில், பெண்களோடு ஆடிவிட்டு வருகிறோம் என்ற பொருளில் ஜிங்கன் இந்தியில் சொன்னது காணொளியில் பதிவாகி ஊரெல்லாம் பரவியது. பிளாஸ்டர்ஸ் ரசிகர்கள் கொதித்தார்கள். 21-ம் எண் சட்டைக்குக் கொடுத்த மரியாதையைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். ஜிங்கன் மன்னிப்புக் கேட்டார். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு எச்சரித்து விட்டுவிட்டது. அவர் பெங்களூருக்குப் போனார், கோவாவுக்குப் போனார், இந்தியச் சட்டையில் தொடர்ந்து ஆடினார்.

ஆகவே அவர்கள் கேட்கிறார்கள்: மன்னிப்பும் கேட்டாயிற்று, ஆண்டுகளும் ஓடிவிட்டன, கூட்டமைப்பே வழக்கை மூடிவிட்டது, இளமை முழுவதையும் நமக்குக் கொடுத்தவர் அவர், கால்பந்து வெல்வதற்காக ஆடுகிற ஆட்டம், இனியும் என்ன வீம்பு? நியாயமான கேள்வி போலத்தான் தெரிகிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் எதுவும் நிற்கவில்லை.

1. மன்னிப்பைக் கேட்டவர் இருக்கிறார், கொடுத்தவர் யார்? முதலில் அவரிடமிருந்து வந்தது மன்னிப்பு அல்ல, விளக்கம். சக வீரரோடு நடந்த வாக்குவாதம் அது, சாக்குச் சொல்லாதே என்று சொல்ல வந்தேன், வேறு விதமாக எடுத்துக்கொள்பவர்கள் என் பெயரைக் கெடுக்கப் பார்க்கிறார்கள் என்றார். எதிர்ப்பு அடங்காதபோதுதான் முழு மன்னிப்பு வந்தது. அது உள்ளத்திலிருந்து வந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன், ஒரு மனிதனின் மனதுக்குள் புகுந்து சோதிக்கும் வேலை எனக்கு இல்லை. ஆனால் அந்த மன்னிப்பை ஏற்றுக்கொண்டுவிட்டதாக இன்று அறிவிக்கிறவர்கள் பிளாஸ்டர்ஸின் ஆண் ரசிகர்கள். அவமானப்பட்டது அவர்களா? தங்கள் அணியைப் பெண்களோடு ஒப்பிட்டதால் அவர்களுக்கு வலித்தது, சரி. அந்த ஒப்பீட்டில் எது கீழே வைக்கப்பட்டது என்று பாருங்கள். பிளாஸ்டர்ஸைத் தாழ்த்துவதற்கு அளவுகோலாகப் பயன்பட்டவர்கள் பெண்கள். காயம் அவர்களுடையது, மன்னிக்கும் உரிமையும் அவர்களுடையது. இன்னொருவர் பெற வேண்டிய கடனை நான் தள்ளுபடி செய்ய முடியாது.

அந்தப் பிப்ரவரியில் இந்தியப் பெண்கள் கால்பந்து எந்த நிலையில் கிடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 ஜனவரியில் பெண்கள் ஆசியக் கோப்பை இந்தியாவில், மும்பையிலும் நவி மும்பையிலும் புனேயிலும் நடந்தது. முதல் ஆட்டத்தில் ஈரானோடு கோலின்றிச் சமன். அடுத்து ஜனவரி 23 அன்று சீன தைபேயுடன் ஆட வேண்டிய நாளில் அணிக்குள் கொரோனா புகுந்து, களமிறக்க ஆள் இல்லாமல் போயிற்று. சொந்த நாட்டில் நடந்த போட்டியிலிருந்து இந்தியா விலக்கப்பட்டது. உலகக் கோப்பைக்குப் போகக் கிடைத்த அரிய வாய்ப்பு அதோடு முடிந்தது. பல ஆண்டுகள் அதற்காகவே உழைத்த பெண்கள் ஓட்டல் அறைகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்திய ஆண்கள் அணியின் முதன்மையான டிஃபெண்டர் வாயிலிருந்து அந்த வாக்கியம் வருகிறது. அந்தப் பெண்களுக்கு ஆறுதலாகச் சொல்ல அந்த மாதத்தில் எவ்வளவோ இருந்தது.

2. ஆட்டச் சூட்டில் வந்துவிட்டது என்கிறார்கள். ஆட்டம் முடிந்திருந்தது. முடிந்திராவிட்டாலும் அது சாக்காகாது. சூட்டில் புதிதாக எதுவும் உண்டாவதில்லை, ஏற்கெனவே கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதுதான் வெளியே வரும். எதிரணியைச் சிறுமைப்படுத்த நூறு வழி இருக்க, யோசிக்காமலே இந்த ஒன்று வந்து விழுகிறதென்றால், அது நம் எல்லோருடைய கைக்கும் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அவர் தனி அரக்கர் என்று நான் சொல்லவில்லை. அவர் சொன்னது நம் ஊர்த் திடல்களில் தினம் கேட்கிற ஒன்று என்பதால்தான் அதை லேசாக விட முடியாது என்கிறேன்.

பள்ளிகொண்டாவில் நின்று பார்த்தால் இது இன்னும் பச்சையாகத் தெரியும். இங்கிருந்து ஆம்பூர், அந்தப் பக்கம் பேரணாம்பட்டு, வாணியம்பாடி, இந்தப் பக்கம் மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீள்கிற தோல் வட்டாரம் இது. விடியற்காலையில் ஷூ கம்பெனிப் பேருந்துகள் கிராமம் கிராமமாக நின்று ஏற்றிக்கொண்டு போவது பெரும்பாலும் பெண்களைத்தான். ஐரோப்பாவில் ஒருவர் காலில் போடும் ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது அவர்கள். இலக்குக் கணக்குத் தவறாமல், எழுந்து தண்ணீர் குடிக்கவும் நேரம் பார்த்து, நாள் முழுக்கத் தைக்கிறார்கள். இந்த வட்டாரத்தின் சோறு அவர்கள் விரல்களில் இருக்கிறது. அப்படியிருந்தும், வேலையில் பின்தங்கிய ஓர் ஆணைத் திட்ட வேண்டுமென்றால் இங்கேயும் அவனைப் பெண்ணோடு ஒப்பிட்டுத்தான் திட்டுகிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டே பக்கத்து மெஷினில் ஒரு பெண் தைத்துக்கொண்டிருப்பாள். அவள் நிமிர்ந்து பார்க்கக்கூட மாட்டாள், பழகிவிட்டது. இந்தப் பழக்கத்தைத்தான் ஒரு தேசிய வீரர் காணொளியில் பேசிக் காட்டினார். எங்கள் பையன்கள் அவரைப் பார்த்துத்தான் தலைமுடி வளர்க்கிறார்கள், பந்தைப் பாய்ந்து மறிக்கப் பழகுகிறார்கள். கூடவே எதைப் பழகுவார்கள்?

3. ஒரு முறை தவறியவனுக்கு ஆயுள் தண்டனையா? இதுதான் அவர்கள் வாதத்தில் கேட்பவரை இளகவைக்கும் பகுதி, ஆகவே இதைக் கவனமாகப் பிரிக்க வேண்டும். ஜிங்கன் கால்பந்து ஆடக் கூடாது என்று நான் சொன்னால் அது தண்டனை. இந்திய அணியில் அவரை எடுக்கக் கூடாது என்றால் தண்டனை. எந்தக் கிளப்பும் சம்பளம் கொடுக்கக் கூடாது என்றால் தண்டனை. அப்படி எதுவும் நடக்கவில்லை, நடக்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. அந்த வாக்கியத்துக்குப் பிறகு அவர் ஓர் ஆட்டத்துக்கான சம்பளத்தைக்கூட இழந்ததாகத் தெரியவில்லை. 2022-ல் பெங்களூரோடு டூரண்ட் கோப்பையை வென்றார், 2025-ல் அவருடைய கோவா அணி சூப்பர் கோப்பையை வென்றது. அவர் பிழைப்பு நன்றாக நடந்தது, நடக்கட்டும்.

பிளாஸ்டர்ஸ் திரும்ப அழைப்பது இவற்றோடு சேர்த்தி இல்லை. வேறு எந்தக் கிளப் எடுத்தாலும் அது ஒரு டிஃபெண்டரை வேலைக்கு எடுப்பது. பிளாஸ்டர்ஸ் எடுத்தால் அது ஒரு நாயகனை மறுபடி அரியணையில் உட்கார வைப்பது. வரவேற்புக் காணொளி வரும், கலூர் மைதானத்தில் ஆளுயரப் பதாகை விரியும், 21-ம் எண் திரும்பியது என்று சட்டை விற்பனைக்கு வரும். ஆயிரக்கணக்கில் சிறுவர்கள் அதை வாங்கிப் போடுவார்கள். இந்த மரியாதையைத் தராமல் இருப்பது தண்டனை ஆகாது. யாருக்கும் அதைக் கேட்டு வாங்கும் உரிமை கிடையாது.

4. திறமைதான் பேச வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்கிறார்கள். இந்த வாதத்தை எங்கள் ஊர்க்காரர்களிடம் சொல்லாதீர்கள். நாங்கள் இதை அரை நூற்றாண்டாகக் கேட்டவர்கள். தோல் தொழில் அந்நியச் செலாவணி கொண்டுவருகிறது, லட்சம் பேருக்கு வேலை தருகிறது, ஆகவே பாலாற்றில் கழிவு ஓடினால் கண்டுகொள்ளாதே என்றுதான் எங்களுக்கும் சொல்லப்பட்டது. கிணறுகள் கெட்டன, நிலங்கள் உப்பேறிப் போயின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. தமிழகத்தின் 900-க்கும் மேற்பட்ட தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. இந்தத் தொழில் நாட்டுக்கு முக்கியம் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. முக்கியமானது என்பதாலேயே சூழலை அழிக்கும் உரிமை அதற்கு வந்துவிடாது என்று சொல்லி, ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. 2025 ஜனவரியிலும் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. பயன் தருகிறான் என்பது ஒருவன் செய்த சேதத்தைக் கழுவிவிடாது. இதை எங்கள் மண்ணுக்கும் தண்ணீருக்கும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டோம். கோல் தடுக்கிறார் என்பதற்காக மட்டும் அதை மறந்துவிட முடியாது.

சரி, திறமைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அதிலாவது இந்தக் கோரிக்கை தேறுகிறதா? பெண்களோடு ஒப்பிடப்பட்ட அந்த 2021–22 பிளாஸ்டர்ஸ் அணி, ஜிங்கன் இல்லாமல், மார்கோ லெஸ்கோவிச்சும் ஹோர்மிபாமும் நடுவில் நின்ற பின்வரிசையோடு, அடுத்த மாதமே இறுதி ஆட்டத்துக்குப் போனது. மார்ச் 20 அன்று ஃபடோர்டாவில் ஹைதராபாதிடம் பெனால்டியில்தான் தோற்றது. ஜிங்கன் ஆடிய மோகன் பகான் அரையிறுதியோடு வீட்டுக்குப் போயிருந்தது. ஜிங்கன் இருந்த ஆறு ஆண்டுகளில் பிளாஸ்டர்ஸ் கோப்பை வென்றதில்லை, அவர் போன பிறகும் வென்றதில்லை. அந்தக் கிளப்பின் நோய் வேறு இடத்தில் இருக்கிறது. பயிற்சியாளர்களை மாற்றிக்கொண்டே இருப்பது, அணியைக் கட்டி முடிப்பதற்குள் கலைத்துவிடுவது, ரசிகர் கூட்டம் எப்படியும் வரும் என்ற தைரியம், இவையெல்லாம் ஒரு டிஃபெண்டரால் தீருபவை அல்ல.

பழைய நாயகன் திரும்பினால் பழைய காலமும் திரும்பும் என்று நம்புகிறவர்கள் மான்செஸ்டர் யுனைடெட்டைப் பார்க்கட்டும். 2020–21-ல் அந்த அணி 74 புள்ளிகளோடு இரண்டாம் இடம், 73 கோல்கள். 2021 ஆகஸ்டில் ரொனால்டோ திரும்பினார். உலகமே அழுதது, எங்கள் ஊர்ப் பையன்களும்தான். அவர் லீக்கில் 18 கோல் அடித்தார், ஒரு குறையும் சொல்ல முடியாது. அணி 58 புள்ளிகளோடு ஆறாம் இடம், மொத்தம் 57 கோல்கள். ஒருவர் அடித்த கோல்களை எல்லோரும் எண்ணினார்கள், மற்றவர்கள் அடிக்காமல் விட்டதை எண்ண ஆள் இல்லை. 2022 நவம்பரில் பேட்டி ஒன்றில் கிளப்பையும் பயிற்சியாளரையும் தாக்கிவிட்டு அவர் வெளியேறினார். ரொனால்டோவாலேயே ஓர் அணியை இழுத்து நிறுத்த முடியாதபோது ஜிங்கனிடம் அதை எதிர்பார்ப்பது அவருக்கே செய்கிற அநியாயம்.

5. இளமையைக் கொடுத்தவருக்கு நன்றிக்கடன் இல்லையா? கடன் இருந்தது, தீர்த்தாயிற்று. ஆறு ஆண்டுகள் அவர் ஆடினார், கிளப் சம்பளம் கொடுத்தது, தலைமையைக் கொடுத்தது, காயத்தில் கிடந்த பருவத்திலும் அவரைத் தன்னவராகவே வைத்திருந்தது. போகும்போது, இன்னும் பத்தாண்டு ஆடக்கூடிய 26 வயதுக்காரருக்கு, ஓய்வுபெற்ற சகாப்தங்களுக்குச் செய்கிற மரியாதையைச் செய்தது. அது அவசரப்பட்டுச் செய்த காரியம் என்பது அன்றே என் கருத்து. ஆடிக்கொண்டிருக்கிற ஒருவரின் எண்ணைப் பூட்டி வைப்பது, அவர் நாளை எந்தச் சட்டையில் வந்து நம் முன் நிற்பார், என்ன பேசுவார் என்று தெரியாமலே வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுவது. அந்தக் கையெழுத்தைத்தான் 2022-ல் ரசிகர்கள் திரும்பக் கேட்டார்கள். மறுபடியும் இன்னொன்று போடச் சொல்கிறீர்கள்.

நன்றியையும் ஒப்பந்தத்தையும் குழப்பாத அணியை நாம் பக்கத்திலேயே பார்த்திருக்கிறோம். ஜிங்கன் அந்த வாக்கியத்தைப் பேசுவதற்குச் சில நாள் முன்புதான், 2022 பிப்ரவரி ஐபிஎல் கிரிக்கெட் ஏலத்தில், சென்னை சூப்பர் கிங்ஸ் சுரேஷ் ரெய்னாவுக்கு விலை கேட்காமல் விட்டது. சின்னத் தல மீது சேப்பாக்கம் வைத்திருந்த பாசத்துக்கு அளவில்லை. தமிழ்நாடே கேட்டது. அணிக் கட்டமைப்புக்குப் பொருந்த மாட்டார் என்று நிர்வாகம் வெளிப்படையாகச் சொன்னது. அந்த ஆண்டு சென்னை ஒன்பதாம் இடத்துக்குச் சரிந்தது என்று குத்திக்காட்டுவார்கள். அடுத்த ஆண்டே ரெய்னா இல்லாமல் கோப்பையை வென்றதையும் சேர்த்துச் சொல்லட்டும். ரெய்னா எவரையும் இழிவுபடுத்தவில்லை. அவருக்கே கிடைக்காத இரண்டாம் அழைப்பை ஜிங்கனுக்கு மட்டும் கடமை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

6. ரசிகர்கள் மட்டும் யோக்கியமா? இந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது, நான் அதிலிருந்து நழுவப் போவதில்லை. 2022 பிப்ரவரியில் ஜிங்கன் மீது பாய்ந்தவர்களில் பலர் அவருடைய குடும்பத்துப் பெண்களை ஏசினார்கள். குடும்பத்தை விட்டுவிடுங்கள் என்று அவர் வேண்டிக்கொள்ள நேர்ந்தது. பெண்களை இழிவுபடுத்திவிட்டான் என்று ஒருவனைத் திட்ட, அவன் வீட்டுப் பெண்களையே இழிவுபடுத்திய கூட்டம் அது. அவர்களுக்குப் பெண்கள்மேல் அக்கறை இருந்ததில்லை, சட்டையின் மேல் மட்டும்தான் இருந்தது. இன்று அவர்களில் பலரே "பழசை விடு, கூட்டி வா" என்கிறார்கள். அன்று கோபம் சட்டைக்காக, இன்று சமாதானமும் சட்டைக்காக. இரண்டிலும் பெண்கள் எங்கும் இல்லை. ஆகவே ரசிகர்கள் யோக்கியர்கள் இல்லை என்பது ஜிங்கனை அழைப்பதற்குக் காரணமாகாது. இந்த விஷயத்தில் தீர்ப்பு சொல்லும் இடத்தில் ரசிகர்கள் உட்காரக் கூடாது என்பதற்குத்தான் அது காரணமாகும்.

கிளப்பும் உட்காரக் கூடாது. காரணம் சொல்கிறேன். ஜிங்கன் பேசிய அதே 2022-ல், ஜூலையில், பிளாஸ்டர்ஸ் ஒரு பெண்கள் அணியைத் தொடங்கியது. நல்ல காரியம், பலரும் பாராட்டினோம். 2023 மார்ச் 3 அன்று பெங்களூரில் நடந்த வெளியேற்றச் சுற்று ஆட்டத்தில் பெங்களூர் அணியின் சுனில் சேத்ரி சட்டென்று எடுத்த ஃப்ரீகிக் கோலானதும், நடுவரின் முடிவை எதிர்த்துப் பிளாஸ்டர்ஸ் வீரர்கள் களத்தைவிட்டு வெளியேறினார்கள். அன்று எதிரணியின் டிஃபெண்டர்களில் ஒருவர் ஜிங்கன். கூட்டமைப்பு கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம் போட்டது. பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச்சுக்கு 10 ஆட்டத் தடை. ஆண்கள் செய்தார்கள், ஆண்கள் அணிக்கு அபராதம். மூன்று மாதம் கழித்து, 2023 ஜூனில், அந்த அபராதத்தால் வந்த பணச் சுமையைக் காரணம் காட்டி பிளாஸ்டர்ஸ் நிறுத்திவைத்தது எதை? பெண்கள் அணியை.

ஆண்கள் அணியின் சம்பளப் பட்டியலிலிருந்து ஒரு வெளிநாட்டு வீரரைக் குறைக்கத் தோன்றவில்லை. ஆண்களின் கோபத்துக்கான அபராதத்தைப் பெண்கள் தங்கள் ஆட்டத்தைக் கொண்டு கட்டினார்கள். ஜிங்கன் ஒரு வாக்கியம் பேசினார், கிளப் அதையே கணக்குப் புத்தகத்தில் எழுதிக் காட்டியது. ஒரு வருடம் முன்பு வீதியில் கொதித்த ரசிகர் கூட்டத்தின் குரல் இந்த முடிவுக்கு எதிராக அந்த அளவில் எழவில்லை. ஜிங்கனைத் திரும்ப அழைக்கச் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான். ஒரு மூத்த இந்திய டிஃபெண்டருக்குக் கொடுக்கக் கிளப்பிடம் பணம் இருக்கிறதென்றால், அந்தப் பணத்தின் மேல் முதல் பாத்தியதை யாருடையது? 2025 ஆகஸ்டில், லீக்கே நடக்குமா என்று தெரியாமல் சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளை நிறுத்திவைத்ததையும், பெங்களூர் வீரர்களின் சம்பளத்தை நிறுத்தியதையும் பார்த்த பிறகு, இந்தியக் கால்பந்தில் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போகிறது என்பது சாதாரணக் கேள்வி அல்ல.

7. பெண்கள் கால்பந்தை யார் பார்க்கிறார்கள், அதை வைத்து எதற்கு இவ்வளவு பேச்சு? இதை நேராகச் சொல்ல வெட்கப்படுபவர்களும் மனதுக்குள் இதைத்தான் வைத்திருக்கிறார்கள், ஆகவே வெளியே எடுத்துப் போட்டுப் பதில் சொல்கிறேன். 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தின் சியாங் மாய் நகரில், தங்களைவிடத் தரவரிசையில் முன்னால் இருந்த தாய்லாந்தை 2–1 என்று வென்று இந்தியப் பெண்கள் 2026 ஆசியக் கோப்பைக்குப் போனார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து அவர்கள் அங்கே போவது அதுவே முதல் முறை. அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று ஃபடோர்டாவில் சிங்கப்பூரிடம் 1–2 என்று தோற்று இந்திய ஆண்கள் 2027 ஆசியக் கோப்பைக்கு வெளியே நின்றார்கள். முந்தைய சிங்கப்பூர் ஆட்டத்தில் வாங்கிய சிவப்பு அட்டையால் ஜிங்கன் அன்று களத்தில் இல்லை. நான் அவரை நையாண்டி செய்ய இதைச் சொல்லவில்லை, தோற்றவர்கள் படும் வேதனை எனக்கும் தெரியும். பெண்களோடு ஆடுவது என்றால் இப்போது என்ன பொருள் என்று மட்டும் அவர்கள் யோசிக்கட்டும்.

நம் மாநிலத்திலேயே பாருங்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-ல் மணிப்பூரை வென்று தேசியப் பட்டம் எடுத்தார்கள், 2023-ல் ஹரியானாவை வென்று மறுபடி எடுத்தார்கள். மதுரையின் சேது எஃப்சி 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. இந்திய அணியின் நடுவரிசையில் ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கில் சென்னைச் சாலைகளில் பணியில் நின்றார். பிளாஸ்டர்ஸின் மாநிலத்தைச் சேர்ந்த கோகுலம் கேரளா பெண்கள் மூன்று முறை இந்தியப் பட்டம் வென்றவர்கள். 2022 ஆகஸ்டில் ஆசியக் கிளப் போட்டிக்காக தாஷ்கண்ட் வரை போய் இறங்கிய பிறகு, ஃபிஃபா இந்தியாவைத் தடை செய்ததால் ஒரு பந்தும் உதைக்காமல் திரும்பினார்கள். ஆண்கள் நடத்திய நிர்வாகத்தின் குளறுபடிக்கு அங்கேயும் விலை கொடுத்தது அவர்கள்தான். இத்தனைக்கும் நடுவில் ஆடுகிறார்கள். எங்கள் பக்கத்துப் பள்ளித் திடல்களில் பெண் பிள்ளைகளுக்குப் பந்து கிடைப்பது பையன்கள் ஆடி முடித்து விட்டுப்போன மிச்ச நேரத்தில். அந்த நேரத்திலும் வேலியோரம் நிற்கும் ஒருவன் சிரிப்பான். ஜிங்கனுக்கு விரிகிற வரவேற்புப் பதாகை அந்தச் சிரிப்புக்குக் கிடைக்கும் அத்தாட்சி.

8. அப்படியானால் அவர் என்னதான் செய்ய வேண்டும், யார்தான் திரும்பி வர முடியும்? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பதே தவறு. நிபந்தனை விதிக்க நானும் ஆள் இல்லை. பிளாஸ்டர்ஸ் நிர்வாகம் செய்ய வேண்டியது வரிசையாக இருக்கிறது. 2023-ல் நிறுத்திய பெண்கள் அணிக்கு முதலில் பணத்தை ஒதுக்கட்டும், ஆண்கள் அணிக்கு அபராதம் வந்தால் கைவைக்க முடியாத தனிக் கணக்கில். அவர்களுக்குப் பயிற்சியாளர், மைதானம், பயண ஏற்பாடு, சம்பளம் எல்லாம் எழுத்தில் உறுதியாகட்டும். ஜிங்கனுக்கு உண்மையிலேயே பெண்கள் கால்பந்தின் மேல் மதிப்பு இருந்தால், அவர் அன்றும் அப்படித்தான் சொன்னார், அதைக் காட்ட மஞ்சள் சட்டை தேவையில்லை, எந்த ஊரில் இருந்தும் காட்டலாம். அதன் பிறகும் அவரைக் கூப்பிடத்தான் வேண்டும் என்று ரசிகர்கள் நினைத்தால், அந்தப் பெண்கள் அணியை உட்கார வைத்துக் கேளுங்கள். அவர்கள் சரி என்றால் நான் எதிர்த்து ஒரு வரி எழுத மாட்டேன். வேண்டாம் என்றால், அவர் எத்தனை கோல் தடுப்பவராக இருந்தாலும் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.